நடுவில் இருந்த பள்ளிக்கூடம்

பூட்டைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, கரும்பலகையில் தேதியை எழுதி முடித்த பிறகுதான், விடிந்ததிலிருந்து தான் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது ஜலஜாட்சிக்கு உறைத்தது. தொண்டையைச் செருமிப் பார்த்தாள். சத்தம் வந்தது. பதினேழு பிள்ளைகள் உட்கார்ந்து பழகிய அறை அந்தச் சத்தத்தை வாங்கி, கொஞ்சம் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. வெளியே மழை பிடித்திருந்தது. மலைநாட்டில் ஜூன் மழை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் ஓட்டின் மேல் விழும் ஓசை காதுக்குள்ளேயே குடியேறிவிடும். நின்ற பிறகும் கேட்டுக்கொண்டிருக்கும். ஒழுகாத இடமாகப் பார்த்து நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். ஆசிரியர்கள் பள்ளிக்கு வர வேண்டும், பிள்ளைகள் வரக் கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. அவள் வந்திருந்தாள்.

போன் அடித்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி பிரகாஷ்.

"டீச்சர், ஸ்கூல்லதானே இருக்கீங்க?"

"வேற எங்க போவேன்?"

"இல்ல, மேல இருந்து கேக்குறாங்க. ஒரு போட்டோ எடுத்து குரூப்புல போட்டுடுங்க. போர்டு தெரியணும், நீங்களும் தெரியணும்."

"பிள்ளைங்க தெரிய வேண்டாமா?"

பிரகாஷ் சிரித்தார். "பிள்ளைங்க தெரிஞ்சா உங்களுக்கும் சீட்டு கிழியும், எனக்கும் கிழியும்."

கையை நீட்டித் தன்னைத் தானே படம் எடுத்தாள். பின்னால் கரும்பலகை. அதில் தேதியும், வருகை என்ற வார்த்தையும், அதற்கு எதிரே ஒன்றுமில்லாத இடமும் தெரிந்தன. பூஜ்யம் என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

அந்த வருஷம் உத்தரவுகள் எல்லாம் போனில்தான் வந்தன. கோடையில், கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடிய புதிதில், போன் வழியாகப் பாடம் நடத்துங்கள் என்றார்கள். அவள் வீடு வீடாகப் போய் எந்த வீட்டில் என்ன போன் இருக்கிறது, அது யார் பையோடு வெளியே போகிறது, எத்தனை மணிக்குத் திரும்பி வருகிறது என்று விசாரித்து வைத்தாள். சமையலறைச் சுவரில் சாக்கட்டியால் எழுதி, மூன்றாம் வகுப்புக் கணக்கு ஒன்றைப் படம்கூடப் பிடித்தாள். அதை அனுப்பத் தோதாகச் சிக்னல் கிடைக்கும் மேட்டைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த உத்தரவு வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குப் போனில் பாடம் கூடாது, கண் கெட்டுவிடும். பிறகு டிவியில் பாடம் என்றார்கள். அவள் பள்ளி இருந்த ஹுளிமக்கி ஊரில் மழை தொடங்கினால் எங்காவது ஒரு மரம் கம்பியின் மேல் விழும், கரண்டு போகும், அதுவாக மனசு வைத்து வரும்போதுதான் வரும். ஓடைக்கு அக்கரையில் இருக்கும் காலனியில் டிவி ஒன்றே ஒன்று. அதுவும் கரகர என்று கோடு போடும். ஜலஜாட்சி யாரையும் குறை சொல்லவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு உத்தரவும் நியாயமாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், ஒழுகாத இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு டீச்சர் மட்டும் மிஞ்சினாள்.

பள்ளிக்கூடம் ஓடைக் கரையில், ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்தது. இந்தப் பக்கம் பாக்குத் தோட்டங்களும், தோட்டத்துச் சொந்தக்காரர்களின் வீடுகளும். அந்தப் பக்கம் அந்தத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களின் வீடுகள். இரண்டுக்கும் நடுவே பாக்கு மரங்களைச் சேர்த்துக் கட்டிய நடைபாலம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்தபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதைப் பார்த்தாள். காலனிப் பிள்ளைகள் மட்டும் பள்ளிச் சாப்பாட்டுக்குத் தட்டோடு உட்கார்ந்தார்கள். அவள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. பேசினால் வீம்பாகிவிடும் என்று தெரியும். தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மழை வலுத்த நாட்களில், இதில் நனைந்துகொண்டு எங்கே போகிறீர்கள், ஒரு பிடி இங்கேயே சாப்பிடுங்கள் என்று ஊர்ப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டாள். சாம்பார் நன்றாக இருந்தது அவளுக்கு உதவியது. மூன்று மழைக்காலம் பிடித்தது. பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வகுப்பிலும் சின்னவர்கள் வட்டமாகத்தான் உட்கார வேண்டும், எந்தப் பாடத்தில் இருக்கிறார்களோ அதற்கேற்ற வட்டத்தில். ஒருவர் ஒரு பாடம் முன்னேறினால் வட்டம் மாறும். யார் பக்கத்தில் யார் என்பதைப் பாடம்தான் முடிவு செய்தது. தன் வாழ்க்கையில் செய்த ஒரே காரியம் என்று அவள் இதைத்தான் நினைத்திருந்தாள். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. கணவர் இருந்தவரை அவரிடம்கூட. அவர் போன பிறகு மகள் அனகா பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். பஸ் நிற்கும் கூட்டுரோட்டில், மூடிக் கிடக்கும் தையல்கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில், அனகாவின் சாயங்காலப் போனுக்குக் காத்திருப்பதுதான் அவளுடைய வீடு.

மூன்றாம் வகுப்பு வட்டத்தில் இரண்டு பெண்கள் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். ஒருத்தி மான்யா. பள்ளிக் கமிட்டித் தலைவர் சேஷப்ப கௌடரின் பேத்தி. இன்னொருத்தி சைத்ரா. கௌடரின் தோட்டத்தில் பாக்கு மரம் ஏறும் மஞ்சுவின் மகள். மான்யா படிப்பில் ஒரு பாடம் முந்திவிட்டால், வட்டம் மாறாமலிருக்க, வேண்டுமென்றே தப்பாக எழுதுவாள். சைத்ரா வந்து சேர்ந்ததும் இருவரும் சரியாக எழுதுவார்கள். ஜலஜாட்சி அதைக் கண்டும் காணாமல் இருந்தாள்.

ஆகஸ்டில் புதிய உத்தரவு வந்தது. பள்ளிக் கட்டடத்தைத் திறக்கக் கூடாது. ஆனால் ஆசிரியர்கள் பிள்ளைகள் வசிக்கும் இடத்துக்கே போய், கோயில் மண்டபமோ, கொட்டகையோ, மரத்தடியோ கிடைத்த இடத்தில் சிறு சிறு குழுவாக உட்கார வைத்துப் பாடம் நடத்தலாம். ஜலஜாட்சி அதை இரண்டு தடவை படித்தாள். உடனே அனகாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, ஆபீஸ் கால்ல இருக்கேன். என்னாச்சு?"

"ஒண்ணுமில்லடி. நாளையில இருந்து பிள்ளைங்களப் பாக்கப் போறேன்."

"என்னம்மா குரலே மாறிப் போச்சு. கல்யாணத்துக்குப் போற மாதிரி சொல்ற," என்றாள் அனகா.

அன்று மாலையே சேஷப்ப கௌடர் வீட்டுக்குப் போனாள். கௌடர் நல்ல மனுஷர். பள்ளி ஓடு மாற்றுவதற்குத் தன் தோட்டத்து மரம் கொடுத்தவர். வாசல்வரை எழுந்து வந்தார்.

"வாங்க டீச்சர். உங்க முகத்தப் பாத்து எத்தன நாளாச்சு. இப்பவும் முகம் எங்க தெரியுது, மாஸ்க்குதான் தெரியுது."

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா யோசிக்கிறீங்க? நம்ம பாக்குக் கொட்டகைய எடுத்துக்கங்க. அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கு, சும்மாத்தான் கெடக்கு. மேல தகரம் இருக்கு, ஒரு சொட்டு ஒழுகாது. நடுவுல காப்பி, கஷாயம் எல்லாம் நாகரத்னா பாத்துப்பா."

"பெரிய உபகாரம் கௌடரே. பதினேழு பேரும் தாராளமா தள்ளித் தள்ளி உக்காரலாம்."

"பதினேழா?" கௌடர் வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "அக்கரைப் பிள்ளைங்க எதுக்கு டீச்சர் இந்த மழையில பாலம் தாண்டி வரணும்? நீங்கதான் வீடு தேடிப் போறீங்களே. அவங்க பக்கமே ஒரு இடம் பாத்துக்கலாமே. எனக்கு ஒண்ணும் இல்ல. என் பேத்தியும் அந்தப் பொண்ணும் ஒண்ணாத்தானே திரிஞ்சாங்க, நான் ஏதாவது சொன்னேனா? இப்ப காலம் அப்படி. சர்க்காரே சொல்லுது, கூட்டம் சேராதீங்க, தூரம் தூரமா இருங்கன்னு. நான் புதுசா என்ன சொல்லிட்டேன்?"

ஜலஜாட்சி போனை எடுத்து உத்தரவை மறுபடி பார்த்தாள். வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே என்று இருந்தது. அவர் சொன்னதில் பிசகு கண்டுபிடிக்க முடியவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

ஆகவே வாரத்தில் பாதி நாள் கௌடரின் கொட்டகை, பாதி நாள் அக்கரை. அக்கரையில் சமுதாயக்கூடம் என்று கட்ட ஆரம்பித்துச் சுவர் மட்டும் எழும்பி நின்றது. அதன் மேல் மஞ்சுவும் மற்றவர்களும் நீலத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள். மழை அதில் தேங்கிப் பானை வயிறு மாதிரி தொங்கும். பாடத்துக்கு நடுவே மூங்கிலால் குத்தித் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. அவளுக்கும் அந்த நாட்கள் பிடித்திருந்தன. எத்தனையோ நாளைக்குப் பிறகு சாக்கட்டிப் பொடி சேலையில் ஒட்டியது. இருந்தும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி காத்திருந்தது.

"மிஸ், சைத்ரா எப்ப வருவா?" என்று மான்யா கேட்டாள்.

"மிஸ், மான்யா இப்ப எந்தப் பாடத்துல இருக்கா?" என்று சைத்ரா கேட்டாள்.

"உன் பாடத்துலதான்," என்று ஜலஜாட்சி பொய் சொன்னாள். மான்யா வெகுதூரம் போயிருந்தாள். தப்பாக எழுதிக் காத்திருப்பதை அவள் விட்டுவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு நாள், கொட்டகையில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, சைத்ரா பாக்கு மரங்களுக்கு நடுவிலிருந்து நடந்து வந்தாள். தலையில் மழைக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி, காலில் சேறு. யாரும் கூப்பிடவில்லை. கொங்காணியைத் தூணில் மாட்டிவிட்டு, நேராக வந்து மான்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மான்யா நகர்ந்து பாயில் இடம் கொடுத்தாள். ஏதோ நேற்றுத்தான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது போல இருவரும் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜலஜாட்சிக்கு அவளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது. பாடத்தைத் தொடர்ந்தாள்.

வழக்கமான நேரத்தில் கௌடரின் மனைவி நாகரத்னம்மா தட்டோடு வந்தாள். பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன எவர்சில்வர் டம்ளர்களில் கஷாயம். சைத்ராவைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அட, நம்ம மஞ்சு பொண்ணா? நல்லா வளந்துட்டியே," என்றாள். உள்ளே போய் ஒரு காகிதக் கப் எடுத்து வந்து அதில் ஊற்றிக் கொடுத்தாள். "கொரோனா பாருங்க டீச்சர், அதான்," என்றாள் ஜலஜாட்சியிடம்.

சைத்ராவுக்கு அந்தக் கப் பிடித்திருந்தது. அதில் ரோஜாப்பூ படம் போட்டிருந்தது. "எனக்கும் அந்த கப்புதான் வேணும் பாட்டி," என்று மான்யா அழ ஆரம்பித்தாள். "உனக்கெதுக்குடி அது," என்று நாகரத்னம்மா அதட்டினாள். சைத்ரா கப்பைப் பார்த்தாள். பிறகு மான்யாவின் டம்ளரைப் பார்த்தாள். மற்றவர்களின் டம்ளர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பாடம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு ஜலஜாட்சி மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தாள். நாகரத்னம்மா ஒரு கையில் சானிடைசர் புட்டியும் மறு கையில் துணியுமாகக் குனிந்து பாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீளமான பாய் அது. ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாய். ஒரு முனையில் ஒரு இடத்தை மட்டும் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். ஜலஜாட்சி குடையை எடுக்காமலே நனைந்துகொண்டு திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தை முழுதாகத் திறந்தாள். கூட்டிப் பெருக்கி, வேப்பிலைப் புகை போட்டு, பாய்களைத் தள்ளித் தள்ளி விரித்தாள். பிரகாஷுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"டீச்சர், கட்டடத்துக்குள்ள கூடாதுன்னு தெளிவா இருக்கு."

"தகரக் கொட்டகையில உக்கார வைக்கலாம், இங்க வைக்கக் கூடாதா சார்? அதவிட இதுல ஜன்னல் ஜாஸ்தி. காத்து நல்லா வருது."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன உத்தரவு போடுற ஆளா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க எனக்குப் போன் பண்ணல. நானும் எதுவும் கேக்கல. போட்டோ மட்டும் போட்டுடாதீங்க."

முதல் நாள் பதினேழு பேரும் வந்தார்கள். வாசலில் செருப்புகள் கலந்து கிடந்ததைப் பார்த்து அவளுக்குக் கண் நிறைந்தது. சமையல் இல்லை; பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த அக்கி ரொட்டியை, அந்த அரிசிமாவு ரொட்டியைத் தங்களுக்குள் பிய்த்துக்கொண்டார்கள். மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, தொடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டியது. மான்யாவும் சைத்ராவும் அவள் விரித்த இடைவெளியை மதித்துத் தள்ளியே உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ரப்பரை மட்டும் உருட்டி விளையாடினார்கள்.

இரண்டாம் நாள் ஊர்ப் பிள்ளைகளில் இருவர் வரவில்லை. இருமல் என்றார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் மூவர். வாரக் கடைசியில் மான்யாவும் வரவில்லை. காலனிப் பிள்ளைகள் மட்டும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். சைத்ரா வாசலைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டாள். எல்லாம் தப்பாக வந்தது. மதியம் சேஷப்ப கௌடரே வந்தார். உள்ளே வரவில்லை. வராந்தாவில் குடையை மடக்காமல் நின்றார்.

"நீங்க நல்லதுதான் நெனைக்கிறீங்க டீச்சர். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

"அப்ப மான்யாவ அனுப்புங்க கௌடரே."

"நான் அனுப்பிடுவேன். வீட்டுப் பொம்பளைங்க பயப்படுறாங்க. மத்த வீட்டுலயும் அப்படித்தான். நாலஞ்சு பேர் டவுன்ல இங்கிலீஷ் ஸ்கூல் விசாரிச்சுட்டு வந்துட்டாங்க. அங்க போன்லயே பாடமாம், அதுக்கு இப்ப சர்க்கார் சரின்னுடுச்சாம். டீசி கேட்டு வந்து நிக்கப் போறாங்க. நான்தான் பொறுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்." மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாலு பேர் போனா எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைஞ்சா பள்ளியையே மூடிருவாங்க. அப்புறம் அக்கரைப் பிள்ளைங்க எங்க போகும்? அதையும் நீங்கதான் யோசிக்கணும்."

அவர் மிரட்டவில்லை. அவர் குரலில் உண்மையாகவே கவலை இருந்தது.

அன்று மாலை அனகா போன் செய்தபோது அவள் எல்லாவற்றையும் சொல்ல நினைத்தாள். பதினொரு வருஷக் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "அம்மா, சாப்டியா? மாஸ்க் போடுறியா? ஒடம்பப் பாத்துக்க, நாளைக்குப் பேசறேன்," என்று மகள் வைத்துவிட்டாள். சிக்னல் போயிற்றா, அவளே வைத்தாளா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தைப் பூட்டினாள். பாலம் தாண்டிப் போய், மறுபடி தார்ப்பாய்க்கு அடியிலேயே பாடம் என்று சொன்னாள். மஞ்சு ஓடையில் கால் கழுவிக்கொண்டிருந்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"விடுங்க டீச்சர். மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க. எங்களுக்கு இது பழக்கம்."

"உங்களுக்குப் பழக்கம் மஞ்சு. அவளுக்கு?"

"அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்றான். "பள்ளிக்கூடத்துல அப்படி இல்லங்கறதால, எங்கயுமே அப்படி இல்லன்னு நெனச்சிட்டு வளர்றா, வளரட்டும்னு விட்டு வச்சிருந்தேன். அன்னைக்கு வந்து அந்த கப்பப் பத்திக் கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"கொரோனான்னு சொன்னேன். அது போயிடுமாப்பான்னு கேட்டா."

ஜலஜாட்சி தார்ப்பாயின் வயிற்றை மூங்கிலால் குத்தினாள். தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து கொட்டியது.

அதற்கப்புறம் சில நாட்களுக்குள் எல்லாமே நின்றது. எங்கோ வேறு ஜில்லாவில் இப்படிப் பாடம் நடந்த இடத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இனி யாரும் எங்கும் போய்ப் பாடம் நடத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. கொட்டகையும் இல்லை, தார்ப்பாயும் இல்லை என்றானது. இதற்கு நடுவே, பள்ளியைத் திறந்ததற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஓலை ஒன்று வந்திருந்தது; அதைப் பற்றிப் பிரகாஷிடம் விசாரித்தாள். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு டீச்சர்? ஊரே மூடிக் கெடக்கு, விடுங்க," என்றார். தண்டனை கிடைத்திருந்தால்கூட ஒரு பேச்சுத் துணை இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தான் தோற்றதைப் பார்க்கவும் யாரும் இல்லை.

மறுபடி காலையில் வந்து பூட்டைத் திறந்து, தேதி எழுதி, படம் எடுத்து அனுப்பினாள். ஒழுகாத இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. அடுத்த கோடையில் இரண்டாவது அலை வந்தபோது அவளுக்கும் காய்ச்சல் கண்டது. தையல்கடைக்குப் பின்னால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அனகாவால் வர முடியவில்லை, வழியெல்லாம் அடைத்திருந்தார்கள். போனில் அழுதாள். வாசல்படியில் ஏதோ சத்தம் கேட்டு, எழுந்து போய்க் கதவைத் திறக்க ஜலஜாட்சிக்கு வெகுநேரம் ஆனது. மூடி போட்ட பாத்திரத்தில் கஞ்சி இருந்தது, பக்கத்தில் மாங்காய் ஊறுகாய் ஒரு இலைத் துண்டில். ரோட்டில் ஆள் இல்லை. அது போலச் சில நாட்கள் வந்தது. பிறகு நின்றது. யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டு கரையிலிருந்தும் என்று நினைத்துக்கொள்வது அவளுக்குப் பிடித்திருந்தது. அப்படி இருக்காது என்றும் தெரியும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கலாம் என்ற உத்தரவு, மழை ஓய்ந்து பாக்கு அறுவடை தொடங்கும் நேரத்தில், ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. உத்தரவிலேயே தோரணம் கட்டவும், இனிப்புக் கொடுத்து வரவேற்கவும் என்று இருந்தது. ஜலஜாட்சி மாவிலை கட்டினாள். வாசலில் கோலம் போட்டாள். சேஷப்ப கௌடர் ஒரு பெரிய டப்பா லட்டு அனுப்பியிருந்தார். யாரும் டவுன் பள்ளிக்குப் போகவில்லை, அவர் பார்த்துக்கொண்டார். பிரகாஷ் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்று படம் எடுத்தார். "இன்னைக்குப் பிள்ளைங்க தெரியணும் டீச்சர். எவ்வளவு பேர் தெரியுறாங்களோ அவ்வளவு நல்லது," என்று சொல்லிவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பிப் போனார்.

பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். சட்டைகள் குட்டையாகியிருந்தன. சின்னவர்களில் நாலு பேர் பள்ளிக்கூடத்தையே இப்போதுதான் முதல் முறை பார்க்கிறார்கள்; வாசலில் தயங்கி நின்று, அக்கா அண்ணன் எங்கே போகிறார்கள் என்று பார்த்து, அவர்கள் பின்னாலேயே உள்ளே வந்தார்கள். மான்யா முடி வெட்டியிருந்தாள். சைத்ரா ஒரு தலை உயரமாகிவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரித்தார்களா என்று மாஸ்க்குக்கு மேலே தெரியவில்லை.

"உக்காருங்க," என்றாள் ஜலஜாட்சி. எங்கே என்று சொல்லவில்லை. அவள் பாய்களைத்தான் விரித்திருந்தாள், வட்டங்களை இன்னும் பிரிக்கவில்லை. யார் எந்தப் பாடத்தை மறந்திருக்கிறார்கள், யாருக்கு எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

கரும்பலகையில் தேதி எழுதத் திரும்பினாள். வருகை என்று எழுதி, அதற்கு எதிரே பதினேழும் நாலும் சேர்த்த எண்ணை எழுதினாள்; போன தடவை ஐந்தாவதில் இருந்த மூவரைக் கழிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து அழித்து மறுபடி எழுதினாள். முதுகுக்குப் பின்னால் பாய்கள் சரசரத்தன. பைகள் இறங்கும் சத்தம். ஒருவரும் சண்டை போடவில்லை, இடத்துக்காக யாரும் யாரையும் தள்ளவில்லை. இவ்வளவு ஒழுங்காக அவர்கள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லையே என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள்.

ஓடைப் பக்கத்து ஜன்னலோரமாகக் காலனிப் பிள்ளைகள். கதவுப் பக்கமாக ஊர்ப் பிள்ளைகள். புதிதாக வந்த சின்னவர்களும் அதே போல. நடுவில் ஒரு பாய் முழுதாகக் காலியாக இருந்தது. கௌடரின் கொட்டகையில் எந்த வரிசையில் உட்கார்ந்தார்களோ அந்த வரிசையிலும், தார்ப்பாய்க்கு அடியில் எந்த வரிசையில் உட்கார்ந்தார்களோ அதே வரிசையிலும் இருந்தார்கள். மான்யா பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். யார் முகத்திலும் வருத்தமோ கோபமோ இல்லை. டீச்சர் சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்துவிட்ட பிள்ளைகளின் முகம்.

சைத்ரா கையைத் தூக்கினாள்.

"மிஸ், நாங்க இந்தப் பக்கம்தானே?"

ஜலஜாட்சி வாயைத் திறந்தாள். ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த மழை அந்த நேரம் பார்த்து ஓட்டின் மேல் சடசடவென்று இறங்கியது. களத்தில் காயப்போட்ட பாக்கை மூட யாரோ யாரையோ கூவிக்கொண்டு ஓடுவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. இந்தச் சத்தத்தில் என்ன சொன்னாலும் பிள்ளைகளுக்குக் கேட்காது. கையில் சாக்கட்டியோடு மழை குறையட்டும் என்று அவள் நின்றாள். இரண்டு பக்கத்திலிருந்தும், மாஸ்க்குக்கு மேலே, எல்லாக் கண்களும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. சைத்ராவின் கை இன்னும் இறங்கவில்லை.